60 வயதில் இபிஎஃப் பணம்: பேங்கில் போடுவதா, வீடு வாங்குவதா, உள்ளேயே விடுவதா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 30 வருடம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வுபெறும் ஒருவரின் இபிஎஃப் (மலேசிய ஊழியர் சேமநிதி) கணக்கில் 240,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெறும் செய்தி பரவுவதற்குள் வீட்டில் ஆளுக்கொரு திட்டம் தயாராகியிருக்கும். மகனுக்கு வீட்டு முன்பணம் வேண்டும். மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் சுங்கை ஆராவில் அபார்ட்மெண்ட் விற்கிறார். பேங்க்காரர் யூனிட் டிரஸ்ட் தாளை நீட்டுகிறார். கோயிலில் பழகிய நண்பர் மாதம் 5 விழுக்காடு தரும் ஏதோ ஒன்றைப் பற்றி மெதுவாகப் பேச்செடுக்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பினாங்கில் சொந்த வீட்டில் இருக்கும், 200,000 முதல் 500,000 ரிங்கிட் வரை சேமிப்புள்ள பெரும்பாலோருக்கு, பணத்தை இபிஎஃப்பிலேயே விட்டுவிட்டு மாதாமாதம் ஒரு தொகை வாங்குவதுதான் மற்ற எல்லா வழியையும் விட நல்லது. ஏன் என்பதற்குக் கணக்கு கீழே. விதிவிலக்குகளும் உண்டு.

முதலில் 55, 60 குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இந்தச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் இபிஎஃப் கணக்கு 55-லேயே திறந்துகொள்கிறது. அதுவரையுள்ள சேமிப்பு முழுதும் அக்கவுன் 55 என்ற பெயரில் ஒன்றுசேரும். வேண்டிய அளவு எடுக்கலாம். 55-க்குப் பிறகு சம்பளத்திலிருந்து பிடிக்கும் சந்தா அக்கவுன் எமாஸ் கணக்குக்குப் போகும். அது 60-ல்தான் திறக்கும். ஆக, சம்பளம் வந்துகொண்டிருக்கும் 5 வருடத்தில் பெரும்பணம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. தேவையே இல்லாத காலத்தில் எடுத்துச் செலவழிப்பது அப்போதுதான் நடக்கிறது. 55-ல் இருக்கும் 240,000 ரிங்கிட்டைத் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்ற கணக்கில், 60-ல் அது 313,000-ஐத் தாண்டியிருக்கும். புதுக் காருக்காக 55-ல் எடுத்த பணத்தின் உண்மை விலை இப்படித்தான் கூடுகிறது.

5.5 என்ற எண்ணை ஏன் எடுத்தோம் என்று கேட்கலாம். இபிஎஃப் வழக்கமான சேமிப்புக்குக் கொடுத்த லாப ஈவு 2020-ல் 5.20, 2021-ல் 6.10, 2022-ல் 5.35, 2023-ல் 5.50, 2024-ல் 6.30 விழுக்காடு. கோவிட் ஆண்டில்கூட 5-க்குக் கீழே போகவில்லை. சட்டப்படி உத்தரவாதம் உள்ளது 2.5 மட்டுமே, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிக்ஸ்டு டெபாசிட்

முழுப் பணத்தையும் எடுத்து பேங்கில் போட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் அதிகம். பாஸ்புக்கில் எண்ணைப் பார்க்கலாம், கவுண்டரில் நமக்குத் தெரிந்த முகம் இருக்கும். பேங்க் முடங்கினால் பணத்தைத் திருப்பித் தரும் பிஐடிஎம் காப்புறுதி ஒருவருக்கு ஒரு பேங்கில் 250,000 ரிங்கிட் வரை உண்டு. வட்டிக்கு வருமான வரி இல்லை. இபிஎஃப் லாப ஈவுக்கும் இல்லை, ஆகவே அந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

இடிப்பது வட்டியில்தான். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலையில் அடிப்படை வட்டியை 2.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. டெபாசிட் வட்டி அதன் பின்னாலேயே போகும். புரொமோஷன் அறிவிப்புகளை விட்டுவிட்டு 2.5 என்றே வைத்துக்கொள்வோம்.

240,000 ரிங்கிட்டிலிருந்து மாதம் 1,500 ரிங்கிட் எடுத்தால், டெபாசிட்டில் 16 வருடம் வரும். இபிஎஃப்பில் 5.5 விழுக்காட்டில் 23 வருடத்துக்குச் சற்று மேல். மாதம் 2,000 எடுத்தால் டெபாசிட்டில் பதினொன்றரை வருடம், இபிஎஃப்பில் 14 வருடத்துக்குச் சற்று மேல். 60-ல் தொடங்கி மாதம் 1,500 எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் 76 வயதா, 83 வயதா என்பது.

இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. விலைவாசி ஏறாது என்று எடுத்துக்கொண்டோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் இன்றைய 1,500 ரிங்கிட்டுக்கு 20 வருடம் கழித்து 830 ரிங்கிட் மதிப்புதான் இருக்கும். எடுக்கும் தொகையை வருடத்துக்கு 3 விழுக்காடு உயர்த்திக்கொண்டே போனால், இபிஎஃப்பிலேயே வைத்திருந்தாலும் 240,000 ரிங்கிட் 16 வருடத்தில் தீர்ந்துவிடும். டெபாசிட்டில் அதுகூட வராது. 390,000 ரிங்கிட் இருந்தால் அதே 1,500-ஐ அதே விதத்தில் உயர்த்தி எடுத்து 30 வருடம் ஓட்டலாம். நீண்ட காலம் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பு என்று சொல்லிவந்த 240,000-ஐ விட்டுவிட்டு, 2026 முதல் 60 வயதுக்கு 390,000 என்ற அளவை இபிஎஃப் முன்வைத்திருப்பதன் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பழைய எண்ணை வைத்து "நமக்கு அது போதும்" என்று இருப்பவர்கள் ஒரு தடவை கால்குலேட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதனால் டெபாசிட் வேண்டவே வேண்டாமா? ஒரு வேலைக்கு வேண்டும். ஒரு வருடச் செலவை, அதாவது 18,000 ரிங்கிட்டை, மூன்று மாத டெபாசிட்டுகளாகப் பிரித்து வைத்தால் கூரை ஒழுகும்போதும் பல் பிடுங்கும்போதும் இபிஎஃப்பைத் தொட வேண்டியதில்லை. 18,000-ஐ ஒரே ரசீதில் போடாமல் 6,000 வீதம் மூன்றாகப் போடுங்கள். முதிர்வுக்கு முன் ஒன்றை உடைத்தால் அந்த ஒன்றின் வட்டி மட்டுமே போகும்.

அபார்ட்மெண்ட் வாங்கி வாடகைக்கு விடுவது

நம்மவர்களுக்கு நிலத்தின் மேல் உள்ள நம்பிக்கை லேசில் அசையாது. சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். ஆகவே இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே போடுவோம்.

விலை 300,000 ரிங்கிட். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 200,000-க்கு 2 விழுக்காடு, மொத்தம் 5,000. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, 3,750. அதன் மேல் சேவை வரி 300. சாயம், விளக்கு, குளியலறைக் குழாய், கதவுப் பூட்டு, ஒரு வாட்டர் ஹீட்டர் என்று ஆள் குடியேறும் நிலைக்குக் கொண்டுவர 10,000 ஆகும். ஆக, கையிலிருந்து போவது ஏறக்குறைய 320,000.

வாடகை 1,200 ரிங்கிட் என்று வைப்போம். பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்காது. ஒரு மாதம் காலி. 11 மாதத்துக்கு 13,200. இதில் மாதம் 200 வீதம் பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (பெரிய பழுதுகளுக்கான பொதுச் சேமிப்பு) போனால் 2,400 குறையும். மதிப்பீட்டு வரி, பிரிவு வரி, தீக் காப்புறுதி சேர்ந்து 600. பழுதுபார்ப்பு வருடத்துக்கு 1,000. ஏஜெண்டுக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 600. கடைசியில் நிற்பது 8,600 ரிங்கிட். போட்ட 320,000-க்கு அது 2.7 விழுக்காடு. ஃபிக்ஸ்டு டெபாசிட்டை விட மயிரிழை மேல். வாடகை வருமானம் வரிக் கணக்கில் வேறு சேரும்.

விலை ஏறுமே என்பது நியாயமான எதிர்க்கேள்வி. ஏறும் இடத்தில் ஏறும். பத்து வருடமாக ஒரே விலையில் நிற்கும் பிளாக்குகளும் தீவிலும் பெருநிலத்திலும் இருக்கின்றன. அதே பிளாக்கில் கடைசியாக எத்தனை ரிங்கிட்டுக்கு விற்றது என்று பார்க்காமல் ஏஜெண்ட் சொல்லும் விலையை நம்பக்கூடாது. லிஃப்ட் அறையைப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியல் நீளமாக ஒட்டியிருந்தால், அந்த நிர்வாகக் குழுவிடம் லிஃப்ட்டை மாற்றப் பணம் இருக்காது. ஐந்து வருடத்துக்குள் விற்றால் நிலச் சொத்து லாப வரி உண்டு: முதல் மூன்று வருடத்துக்குள் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாவது வருடத்திலிருந்து குடிமக்களுக்கு இல்லை.

பெரிய ஆபத்து வாடகை தராத குடித்தனக்காரர். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் சட்டப்படி செல்லாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். மூன்று மாத வாடகை பாக்கி, வழக்கறிஞர் செலவு, காலி செய்த பின் சுவரைச் சரிசெய்வது எல்லாம் சேர்ந்தால் ஒரு வருட லாபம் போய்விடும். 68 வயதில் ஏணியில் ஏறி இறங்க முடியாத ஒருவருக்கு இந்தத் தொழில் எதற்கு?

வீடு வாங்குவது பொருந்தும் ஒரு சூழ்நிலை உண்டு. ஆயர் ஈத்தாமில் மேட்டுப் படிக்கட்டு ஏறி இறங்கும் வீட்டில் இருப்பவர், அதை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள சிறிய வீட்டுக்கு மாறுவது. அது முதலீடு அன்று. முழங்காலுக்குச் செய்யும் செலவு. வித்தியாசத் தொகையைத் திரும்ப இபிஎஃப்பிலேயே போடலாம். சுய சந்தாவாக வருடத்துக்கு 100,000 ரிங்கிட் வரை கட்ட முடியும்.

மற்றவை

யூனிட் டிரஸ்ட்டில் விற்பனைக் கட்டணம் 5 விழுக்காடு என்றால் 100,000 போட்ட அன்றே 5,000 போய்விடும். இபிஎஃப்பில் ஒரு வருடம் முழுதும் வரும் லாப ஈவுக்குக் கிட்டத்தட்ட சமம் அது. 35 வயதுக்காரர் பொறுத்திருந்து மீட்டுவிடுவார். மாதாமாதம் எடுக்க வேண்டிய ஓய்வுபெற்றவருக்குச் சந்தை விழுந்த வருடத்திலும் விற்கத்தான் வேண்டியிருக்கும்.

அமானா சஹாம் மலேசியா, அதன் 2 வாவாசான், 3 ஆகிய நிதிகள் நமக்கும் திறந்தவை. ஒரு யூனிட் எப்போதும் 1 ரிங்கிட். கோட்டா தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும். அதிகாலையில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நூறு நூறாக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கிடைத்தால் டெபாசிட்டுக்குப் பதில் இதில் வைக்கலாம். பூமிபுத்ராக்களுக்கு மட்டுமான ஏஎஸ்பி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தங்கம்: லெபோ பாசாரில் வாங்கிய சங்கிலியை அதே கடையில் திரும்பக் கொடுத்தால் செய்கூலி திரும்பாது. நகை போட்டுக்கொள்ள வாங்குங்கள். மாதச் செலவுக்கு அது வழியில்லை.

கூட்டு, அதாவது பலர் மாதாமாதம் பணம் கட்டி ஆளுக்கொரு முறை எடுத்துக்கொள்ளும் சீட்டு, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் அதைத் தடைசெய்யும் சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது: 1971-ன் கூட்டு நிதித் தடைச் சட்டம். தமிழ்ச் சொல் ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தின் பெயராவது பெருமைதான். காரணம்தான் பெருமைக்குரியது இல்லை. கூட்டே சட்டவிரோதம் என்பதால், தலைவி பணத்தோடு மறைந்தால் "நான் கட்டிய பணம்" என்று நீதிமன்றப் படி ஏறுவது மிகக் கடினம். மாதம் 5 விழுக்காடு என்று நண்பர் சொன்னதற்கும் இதே பதில். வருடத்துக்கு 60 விழுக்காடு தருகிறவர் பேங்கில் 8 விழுக்காட்டுக்குக் கடன் வாங்காமல் உங்களிடம் ஏன் வருகிறார்? நிறுவனத்தின் பெயரைப் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குச் சந்தை ஆணையத்தின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். பணத்தை அனுப்பிவிட்ட பிறகு சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் கணக்கை முடக்க வழி இருக்கிறது.

உள்ளேயே விட்டு மாதாமாதம் வாங்குவது

லாப ஈவைத் தவிர, பலர் எண்ணிப் பார்க்காத மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன.

ஒன்று, கடன்காரர்கள். இபிஎஃப் கணக்கில் இருக்கும் சேமிப்பைக் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது, சட்டமே பாதுகாக்கிறது. பேங்குக்கு மாற்றிய அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தங்கை மகனின் லாரிக் கடனுக்கு 2012-ல் ஜாமீன் கையெழுத்துப் போட்டதை மறந்தே போயிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டு, இறப்புக்குப் பின். முஸ்லிம் அல்லாதவர் பெயர் நியமனம் செய்திருந்தால், நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் உரிமையாகப் போகும். இபிஎஃப்பிடம் நேரே வாங்கிக்கொள்ளலாம். பேங்க் டெபாசிட்டும் வீடும் அப்படியில்லை. உயில் இருந்தால் புரோபேட் (உயிலுக்கு நீதிமன்றம் தரும் அங்கீகாரம்), இல்லாவிட்டால் நிர்வாக அதிகாரப் பத்திரம் வேண்டும். உயில் இல்லாமல் போனவரின் சொத்து 1958-ன் பகிர்வுச் சட்டப்படி பிரியும்: மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நாலில் ஒன்று. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. "எல்லாம் மனைவிக்குத்தானே போகும்" என்று நினைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எங்கள் கணக்கில் முக்கியம்: உடல் முடியாமல் போகும் காலம். பக்கவாதமோ மறதி நோயோ வந்து முடிவெடுக்கும் மனநிலை போய்விட்டால், முன்பே எழுதிக்கொடுத்த சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி செல்லாது. மனநிலை இழந்தவரின் சொத்தை நிர்வகிக்க உயர்நீதிமன்றம் வழியாக ஆள் நியமிக்க வேண்டும்; மாதக்கணக்கில் இழுக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே மாதாந்தர எடுப்பை ஏற்பாடு செய்துவிட்டால், படுத்த பிறகும் பணம் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து, மனைவியோடு சேர்ந்த, இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற கூட்டுக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் தானாக மாறும்படி பேங்கில் ஒரு நிலையான உத்தரவும் கொடுத்துவிடுங்கள். அரைமணி நேர வேலை.

குறையும் உண்டு. மாதத் தொகையை 1,500 என்று வைத்தவர், ஆப் கையிலிருப்பதால் தீபாவளிக்கு 3,000, பேரன் பிறந்த நாளுக்கு 2,000 என்று எடுத்துக்கொண்டே போனால் எந்தக் கணக்கும் நிற்காது. பகுதிப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதிதான் இதன் பலவீனமும். டெபாசிட்டில் வைத்த 18,000-த்திலிருந்து மட்டுமே இப்படிப்பட்ட செலவு, அது தீர்ந்தால் அடுத்த வருடம்வரை பொறுப்பது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். லாப ஈவு ஆண்டுத் தொடக்கத்தில், பெரும்பாலும் மார்ச்சுக்குள் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு ஒரு தடவை உட்கார்ந்து, 5-க்கு மேல் இருந்தால் மாதத் தொகையை 3 விழுக்காடு ஏற்றுங்கள். குறைந்தால் அந்த வருடம் ஏற்றாதீர்கள்.

இபிஎஃப் 100 வயது வரை லாப ஈவு கொடுக்கிறது. அதற்குப் பிறகு கோரப்படாத பண இலாகாவுக்குப் போய்விடும். பேங்க் கணக்குக்கோ 7 வருடம் அசைவில்லாமல் கிடந்தாலே அதே கதி.

எப்போது மொத்தமாக எடுக்கலாம்

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடையுங்கள். அங்கே வட்டி 15 முதல் 18 விழுக்காடு, 5.5 வாங்கிக்கொண்டு 18 கட்டுவதில் அர்த்தமில்லை. பல கார்டுகளில் மாட்டியிருந்தால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்லி பேங்குகளோடு பேசிக் கொடுக்கும்.

வீட்டுக் கடன் கொஞ்சம் சிக்கல். 60,000 ரிங்கிட் பாக்கி, வட்டி 4.25, மாதத் தவணை 900 என்றால் இன்னும் 6 வருடத்துக்கு மேல் ஓடும். மொத்த வட்டி 8,500 ரிங்கிட் அளவில் வரும். எண்ணை மட்டும் பார்த்தால் 4.25 கட்டிக்கொண்டு 5.5 வாங்குவதே லாபம். ஆனால் சம்பளம் நின்ற பிறகு மாதம் 900 என்பது 1,500-ல் பாதிக்கு மேல். எங்கள் தீர்ப்பு: பாக்கி மொத்தச் சேமிப்பில் நாலில் ஒரு பங்குக்குள் இருந்தால் அடைத்துவிடுங்கள், அதற்கு மேல் இருந்தால் தவணையைத் தொடருங்கள். அடைக்கும்போது, வீட்டுக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ ஆயுள் காப்புறுதியில் மிச்சக் காலத்துக்குத் திரும்பும் தொகை உண்டா என்று கேட்டு வாங்குங்கள், பேங்க் தானாக நினைவூட்டாது. வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டில் இருக்கும் அடமானத்தை நீக்க வழக்கறிஞர் செலவும் இருக்கும்.

மகனின் முன்பணம்? கொடுக்கலாம், அந்த வருட லாப ஈவிலிருந்து. 13,000 ரிங்கிட் கொடுத்தால் முதல் அப்படியே இருக்கும். 80,000 கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கிராண்டில் உங்கள் பங்கையும் எழுதச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கொடுக்கக்கூடிய தொகை அதுவல்ல என்று அர்த்தம்.

மருத்துவத்தைச் சேர்க்காத கணக்கு அரைக் கணக்கு

65-ஐத் தாண்டும்போது மாதம் 400, 500 ரிங்கிட் பிரீமியம் கேட்கும் மெடிக்கல் கார்டுகள் உண்டு. 1,500-ல் அது மூன்றில் ஒன்று. ரத்துசெய்வதற்கு முன் கழிவுத் தொகை அல்லது பகிர்வுக் கட்டணம் உள்ள திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். முதல் சில ஆயிரத்தை நாம் கட்டி, பெரிய பில்லைக் கார்டு ஏற்கும் வகை. ரத்துசெய்தபின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குப் புதிய கார்டு கிடைப்பது அரிது.

கார்டே இல்லாதவர்கள் இபிஎஃப்புக்குள் 30,000 ரிங்கிட்டை மருத்துவத்துக்கென்று மனத்தால் ஒதுக்கிவிட்டு, மாதக் கணக்கை மீதித் தொகைக்கு மட்டும் போட வேண்டும். பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்குக்கு 5 ரிங்கிட். விலை அங்கே காத்திருப்பில் இருக்கிறது: கண்புரை, முழங்கால் போன்றவற்றுக்கு மாதங்கள் ஆகும். அந்த 30,000 காத்திருக்க முடியாத ஒரே ஒரு அறுவைக்குத்தான். உதவித்தொகைப் பட்டியலில் இருப்பவர்கள் பேகா பி40 திட்டத்தில் 40 வயது முதல் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரை காலில் புண்ணாக வருவதற்கு முன் தெரிந்துகொள்ள அது உதவும்.

பகுதிநேர வேலை, மனைவியின் கணக்கு

மாதம் 800 ரிங்கிட் வரும் ஒரு பகுதிநேர வேலையை, டியூஷனோ கடைக் கல்லாவோ, 65 வரை செய்தால் இபிஎஃப்பிலிருந்து 1,500-க்குப் பதில் 700-தான் எடுக்க வேண்டும். மேலே 76 வயதில் தீர்ந்துபோன அதே 240,000 ரிங்கிட், விலைவாசி உயர்வோடு சேர்த்தே, கிட்டத்தட்ட 80 வரை வரும். எந்த முதலீடும் இந்த அளவு கைகொடுப்பதில்லை. 60-க்கு மேல் வேலை செய்பவருக்கு முதலாளி கட்ட வேண்டியது 4 விழுக்காடு; தொழிலாளி கட்டாயமாகக் கட்ட வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலையிட விபத்துக் காப்பு மட்டும் தொடரும். அந்த 4 விழுக்காட்டைக் கட்டாமல் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டு கேளுங்கள்.

வீட்டில் தையலோ பலகாரமோ செய்து விற்கும் மனைவிக்கு 60 ஆகவில்லையென்றால் அவர் பெயரில் ஐ-சாரான் என்ற இபிஎஃப் சுய சந்தாத் திட்டத்தில் பதிந்து வருடத்துக்கு 2,500 ரிங்கிட் கட்டுங்கள். அரசாங்கம் 20 விழுக்காடு, அதாவது 500 ரிங்கிட் சேர்க்கும். வாழ்நாளில் 5,000 வரை. கணவர் முந்திக்கொண்டால் மனைவிக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கும் என்பது 500-ஐ விடப் பெரிது.

கவுண்டருக்குப் போகும் நாள்

ஐசியோடு (அடையாள அட்டை) போங்கள். பேங்க் கணக்கு உங்கள் பெயரிலேயே நடப்பில் இருக்க வேண்டும், ஐசியில் உள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "A/L", "S/O" வித்தியாசத்தாலும், எஸ்டேட் பதிவில் ஒரு எழுத்து கூடிப்போனதாலும் திரும்பி வந்தவர்கள் உண்டு. ரப்பரும் சிமெண்டும் தொட்டு ரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் பத்து தடவை நிராகரிக்கும். கையைக் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெயோ லோஷனோ தடவிவிட்டு வைத்துப் பார்க்கலாம், அப்போதும் படியாவிட்டால் ஊழியரிடம் நேரே சொல்லுங்கள்.

எதையும் எடுப்பதற்கு முன், பெயர் நியமனத்தை அச்சிட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். 22 வயதில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது தாயார் பெயரை எழுதியதோடு நிறுத்தியவர்கள் ஏராளம். தாயார் இறந்துவிட்டார் என்றால் அந்த நியமனம் செல்லாது. பணம் உயில் இல்லாத சொத்துபோல நிர்வாகப் பத்திரத்துக்குக் காத்திருக்கும். புதிய படிவத்தில் மனைவி, பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்பதை எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று சரிபார்த்து, சாட்சியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதே கவுண்டரில் மாதாந்தர எடுப்புக்கான படிவத்தைக் கேளுங்கள்.